சாயம் பூசிய முகங்களும் சின்னஞ்சிறு கண்களும்

பட்டணத்துச் சீனக் கோயிலில் திருவிழா வந்தால் பலகை மேடை போட்டு, பட்டும் சரிகையுமாக உடுத்தி, முகம் நிறையச் சாயம் பூசி ஆடிப் பாடுவதைப் பார்த்திருப்பீர்கள். 'வயாங்' என்று நாம் சொல்லிப் பழகிய சீனக் கூத்துதான் அது. "நமக்கென்ன புரியப்போகிறது?" என்று பெரியவர்கள் நடையைக் கட்டிவிடுகிறோம். ஆனால் நம் விரலைப் பிடித்து வரும் பிள்ளை அசைவதில்லை. காலை ஊன்றி நின்று, வாயைப் பிளந்து பார்க்கிறது. அந்தப் பிள்ளையின் கண்ணுக்குத் தெரிவது என்ன? அந்த மேடைக்கு நேர்ந்தது என்ன? அதில் நமக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உங்களைச் சிங்கப்பூர் சைனாடவுனுக்கு அழைத்துச் செல்கிறோம்.

நமக்கு அந்நியமான இடமல்ல

சைனாடவுன் என்றதும் சீனர்களுக்கு மட்டுமே உரிய இடம் என்று எண்ணிவிடாதீர்கள். அதன் நடுவே, சவுத் பிரிட்ஜ் ரோட்டில்தான் நம் ஸ்ரீ மாரியம்மன் கோயில் கோபுரம் உயர்த்தி நிற்கிறது. 1819ல் பினாங்கிலிருந்து ராபிள்சுடன் வந்த நாராயண பிள்ளை 1827ல் நிறுவிய கோயில் அது. பக்கத்துத் தெருவுக்கு 'பகோடா தெரு' என்று பெயர் வந்ததே அம்மனின் கோபுரத்தால்தான். அந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயர் கிரேத்தா ஆயர், அதாவது தண்ணீர் வண்டி. குழாய்த் தண்ணீர் இல்லாத காலத்தில் ஆன் சியாங் குன்றின் கிணற்றுத் தண்ணீரை மாட்டு வண்டிகளில் ஏற்றி வந்ததால் அமைந்த பெயர்.

கோயிலிலிருந்து சற்றே நடந்தால் ஸ்மித் தெரு. அங்கே 1887ல் மூன்று மாடிகளுடன் எழுந்தது 'லாய் சுன் யுயென்' என்ற நாடகக் கொட்டகை. 800 பேருக்கு மேல் உட்காரலாம். கண்டோனியச் சீனர்கள் அந்தத் தெருவையே 'கூத்துக் கொட்டகைத் தெரு' என்று அழைத்தார்கள் என்றால் அதன் புகழைப் பார்த்துக்கொள்ளுங்கள்! போரில் சேதமடைந்த அந்தக் கட்டடம் பிற்காலத்தில் தங்கும் விடுதியாக மாறியது.

கொட்டகைக்குக் காசு வேண்டும். தெருமேடைக்கு வேண்டாம். தெய்வத்தின் பிறந்தநாளுக்கும், முன்னோர் ஆவிகள் உலவுவதாகச் சீனர்கள் நம்பும் ஏழாம் மாதத்துக்கும் திறந்தவெளியில் மேடை எழும்பும். கூத்து தெய்வத்துக்கே காணிக்கை. ஆகையால் மேடை பெரும்பாலும் கோயிலை நோக்கியே இருக்கும். நம் மாரியம்மன் கோயில் முன்னால் கூத்துக் கட்டுவதைப் போலத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். தெய்வத்துக்கு அடுத்தபடியாக மேடையை ஒட்டி நின்றவர்கள் யார் தெரியுமா? குழந்தைகள்தான்! மேடைக்குப் பின்னால் நடிகர்கள் கண்ணாடி வைத்துச் சாயம் பூசுவதை எட்டிப் பார்ப்பதே அவர்களுக்குப் பெரிய வேடிக்கை.

முகத்தைப் படிக்கக் கற்றவர்கள்

எழுத்துத் தெரியாத குழந்தைக்கும் இந்தக் கூத்து ஒரு படப் புத்தகம். சிவப்பு முகம் வந்தால் அவன் வீரன், விசுவாசி. போர்த் தெய்வமாக வணங்கப்படும் குவான் யூவின் நிறம் அது. கருப்பு முகம் என்றால் நேர்மை தவறாதவன்; ஏழைக்கு நீதி வழங்கிய நீதிபதி பாவ் அப்படித்தான் வருவார். முகம் முழுக்க வெள்ளை என்றால் சூழ்ச்சிக்காரன். மூக்கின் மேல் மட்டும் வெள்ளைத் திட்டு என்றால் கோமாளி. வாய் திறப்பதற்கு முன்பே பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கிவிடுவார்கள்.

மேடையில் குதிரை இல்லை. குஞ்சம் கட்டிய சாட்டையை நடிகர் வீசினால் அவர் குதிரை மேல் போகிறார். துடுப்பை அசைத்தால் அங்கே ஆறு. முதுகில் கொடிகள் பறந்தால் அவர் தளபதி. தென்னை மட்டையைக் குதிரையாக்கி ஓடுகிற நம் பிள்ளைக்கு இதையெல்லாம் யாராவது விளக்க வேண்டுமா?

எல்லோரையும்விடக் குழந்தைகளுக்குப் பிடித்தவன் சுன் வூகோங் என்ற குரங்கு ராஜா. கையில் மந்திரக்கோல், குட்டிக்கரணம், குறும்பு! அவனுடைய குரு, வேதநூல் தேடி இந்தியாவுக்குப் பயணம் போகும் ஒரு துறவி. கூடவே பன்றி முகத்துடன் ஒரு சீடன். இந்தத் துறவி வெறும் கற்பனை அல்ல. பள்ளிப் புத்தகத்தில் நாம் படித்த யுவான் சுவாங்தான் அவர்! ஏழாம் நூற்றாண்டில், பல்லவர் காலத்தில், நம் காஞ்சிபுரம் வரை வந்து போனவர். குரங்கு ராஜாவுக்கும் நம் அனுமனுக்கும் உறவு உண்டா என்று அறிஞர்கள் நெடுங்காலமாக வாதிட்டு வருகிறார்கள். குழந்தைகளோ அந்த வழக்கை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். இருவரையும் அவர்களுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான்!

மேடை ஏன் வெறிச்சோடியது?

இத்தனை சிறப்பிருந்தும் கூட்டம் குறைந்தது. காரணம் ஒன்றல்ல. 1963ல் சிங்கப்பூரில் தொலைக்காட்சி வந்தது. நெரிசலான கடைவீடுகளில் வாழ்ந்த குடும்பங்கள் வெவ்வேறு திசைகளில் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. 1983ல் தெருவோர வியாபாரிகளும் சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கட்டடத்துக்குள் போனார்கள்.

இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. தெருக்கூத்து நடந்தது ஹொக்கியென், தியோச்சு, கண்டோனிஸ் போன்ற பேச்சுமொழிகளில். 1979ல் எல்லாச் சீனரும் மாண்டரின் பேச வேண்டுமென்ற இயக்கம் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மற்றப் பேச்சுமொழி நிகழ்ச்சிகள் நிறுத்தப்பட்டன. வெவ்வேறு பேச்சுமொழிச் சீனர்கள் ஒற்றுமையாக வாழவும் பிள்ளைகள் படித்து முன்னேறவும் அது உதவும் என்று அரசு கருதியது. ஆனால் பாட்டியின் மொழி பேரனுக்குப் புரியாமல் போயிற்று. மேடையில் அதே சிவப்பு முகம்தான், அதே சாட்டைதான். பாட்டுத்தான் புரியவில்லை. கண்ணால் மட்டும் எத்தனை நேரம் பார்ப்பது? மேடைக்கு முன்னே பாட்டிமார் மட்டும் மிஞ்சினார்கள்.

ஆனாலும் கலை சாகவில்லை. அதே 1980களில் சிலர் வேறு வழி தேடினார்கள். 1981ல் தொடங்கப்பட்ட 'சைனீஸ் தியேட்டர் சர்க்கிள்' என்ற குழு ஸ்மித் தெருவிலேயே இடம் பிடித்து, கண்டோனியக் கூத்தின் வரிகளை ஆங்கிலத்திலும் காட்டி, புதியவர்களை உட்கார வைத்தது. அதை நடத்திய ஜோவன்னா வோங் அதே ஆண்டு நாட்டின் கலாசாரப் பதக்கம் பெற்றார். 1984ல் 'ஆக்ட் 3' என்ற குழு குழந்தைகளுக்காகவே நாடகம் போடத் தொடங்கியது. இன்று சிங்கப்பூரில் இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கென்றே பாட்டும் வேடமுமாக நிகழ்ச்சிகள் நடக்கின்றன. நல்லதுதான். ஆனால் அவற்றில் பலவற்றுக்கு டிக்கெட் வேண்டும். தெருமேடையோ கூலிக்காரர் பிள்ளைக்கும் முதலாளி பிள்ளைக்கும் ஒரே தரையில் இடம் கொடுத்தது.

நம் வீட்டுக்கு வருவோம்

அன்பர்களே, இது சீனர் கதை மட்டும்தானா? இலங்கை மலையகத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்து ஆடுகிறார்கள். ரதியும் மன்மதனும் லயத்து வாசலுக்கே வருகிறார்கள். கொழுந்து பறித்து, பால் மரம் வெட்டி ஓய்ந்த கைகள்தான் இரவில் மத்தளம் கொட்டின. நம் கூத்துக்கும் டிக்கெட் இல்லை. ஆனால் பிள்ளைக்குத் தமிழும் கதையும் தெரியாமல் போனால், நாளை நம் மேடைக்கு முன்னாலும் கிழவர்கள் மட்டும்தான் இருப்பார்கள்.

ஆகவே அடுத்த முறை கூத்தோ வயாங்கோ நடந்தால் பிள்ளையை அழைத்துச் செல்லுங்கள். பகலில் சற்றுத் தூங்க வையுங்கள். முதல் நாள் இரவே கதையைச் சொல்லிவிடுங்கள். சாயம் பூசிய முகத்தைக் கண்டு அழுதால் திட்டாதீர்கள். சின்னக் குழந்தைக்கு வேடம் வேறு, ஆள் வேறு என்று தெரியாது. முடிந்தால் வேடம் கட்டும்போதே தூரத்திலிருந்து காட்டுங்கள். மாமா முகத்தில் சாயம் ஏறுவதைப் பார்த்துவிட்ட பிள்ளைக்குப் பயம் பாதி போய்விடும். மத்தளத்துக்கும் தாளத்துக்கும் அருகில் உட்கார வைக்காதீர்கள். அரை மணி நேரத்தில் எழுந்துகொண்டால் எழுந்து வந்துவிடுங்கள். மிச்சக் கதையை வீட்டில் நீங்களே சொல்லலாம்.

மறுநாள் உங்கள் பிள்ளை துண்டைத் தோளில் கட்டி, குச்சியைக் கதையாகப் பிடித்து, லயத்து வாசலில் குதிக்கும். "சும்மா இரு" என்று அதட்டாதீர்கள். எந்தக் கூத்துக்கும் அடுத்த மேடை அங்கேதான் போடப்படுகிறது.