கம்பளம் வெளுக்கக் கார்டு உண்டு! செப்டிக் டேங்க் கழுவ? ஸ்ரீபெரும்புதூர் பக்கம் 12 பேரை விழுங்கிய விஷவாயு

ஸ்ரீபெரும்புதூர்,

2019–ம் ஆண்டு மார்ச் மாதம் 26–ந்தேதி. ஸ்ரீபெரும்புதூர் அருகே நெமிலியில் ஒரு குடியிருப்பு. செப்டிக் டேங்க் சுத்தம் செய்யும் வேலை. உள்ளே இறங்கியவர் மயங்கி விழுந்தார். அவரைத் தூக்க இன்னொருவர் இறங்கினார். அவரும் எழவில்லை. அடுத்து ஒருவர், அதற்கடுத்து ஒருவர்.

மொத்தம் 6 பேர் பரிதாபமாகச் செத்தார்கள். வீட்டுச் சொந்தக்காரரும் அவருடைய 2 மகன்களும் அதில் அடக்கம்.

அதோடு முடிந்ததா? இல்லை. 2021–ம் ஆண்டு பிப்ரவரி மாதம் காட்ரம்பாக்கத்தில் ஒரு கேட்டரிங் கம்பெனியின் தொட்டியில் 3 தொழிலாளிகள் பலி. 2022–ம் ஆண்டு அக்டோபரில், தீபாவளிக்குச் சில நாள் இருக்கும்போது, ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தனியார் ரிசார்ட்டின் தொட்டியில் மேலும் 3 பேர் பலி.

3 தொட்டிகள். 12 பிணங்கள். மூன்றும் ஒரே வட்டாரம். கார், லாரி, மோட்டார் சைக்கிள் என்று உலகத்துக்கே வண்டி செய்து அனுப்புகிற வட்டாரம் இது. இருங்காட்டுக்கோட்டையில் 1998–லேயே கார் ஓடி வெளியே வந்தது. 2010–க்குப் பிறகு ஒரகடத்தில் வரிசையாகப் பெரிய தொழிற்சாலைகள். ராத்திரி ஷிப்டுக்கு பஸ் பஸ்சாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். அத்தனை பேருக்கும் தங்க இடம் வேண்டும், சாப்பாடு வேண்டும், கக்கூஸ் வேண்டும். மேன்சனும் ஹாஸ்டலும் ஓட்டலும் முளைத்த வேகத்துக்குப் பாதாளச் சாக்கடை வரவில்லை. முக்கால்வாசி இடத்தில் செப்டிக் டேங்க்தான்.

அந்தத் தொட்டியைக் கழுவுகிறவன் யார்? அவனுக்கு யார் கற்றுக் கொடுத்தது?

கம்பளத்துக்கு ஒரு படிப்பு

கேட்டால் சிரிப்பு வரும். சீமையில் தரைக் கம்பளம் வெளுக்கிறவனுக்கே சங்கம் இருக்கிறது. இங்கிலாந்தில் கம்பளம் சுத்தம் செய்கிறவர்கள் 1968–லேயே தேசிய சங்கம் ஆரம்பித்து விட்டார்கள். அமெரிக்காவில் 1972–ல் இதற்கென்றே ஒரு சான்றிதழ் அமைப்பு வந்தது. வகுப்பில் உட்கார வேண்டும். பரீட்சை எழுத வேண்டும். பாசானால் கார்டு. வருஷா வருஷம் சந்தா. சில வருஷத்துக்கு ஒரு தடவை மறுபடியும் வகுப்பு. இல்லையென்றால் கார்டு போய்விடும்.

கம்பளத்தில் அப்படி என்ன படிப்பு என்று நினைக்கலாம். விஷயம் இருக்கிறது. கம்பளிக் கம்பளத்தில் காரம் அதிகமான சோப்பைக் கொட்டினால் நூல் கெட்டுப் போகும். சாயம் ஓடும். தண்ணீர் அதிகமானால் சுருங்கும். காய வைக்கத் தெரியாவிட்டால் நாற்றம் எடுக்கும். வீட்டுக்காரர் வழக்குப் போடுவார். அதனால் கார்டு வைத்திருக்கிற ஆளைத்தான் கூப்பிடுகிறார்கள்.

ஒரு கம்பளம் கெட்டால் பணத்தோடு போயிற்று. தொட்டியில் தப்பு நடந்தால் ஆளே போகிறான். இங்கே தொட்டிக்குக் கூப்பிடுகிற ஆளிடம் யாராவது கார்டு கேட்கிறோமா? எத்தனை ரூபாய் என்று மட்டும்தான் கேட்கிறோம்.

முட்டை நாற்றம் நின்றால் ஆபத்து!

தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். இது தெரிந்திருந்தால் 12 பேரில் பலர் இன்று உயிரோடு இருப்பார்கள்.

மலமும் கழிவுநீரும் தொட்டியில் அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு, மீத்தேன் என்ற வாயுக்கள் உண்டாகின்றன. மேலே ஆடை மாதிரி ஒரு படலம் கட்டிக் கொள்ளும். அடியில் மண்டி இறுகிக் கிடக்கும். வாயு அதற்குள் அடைபட்டிருக்கும். கம்பு விட்டுக் கிளறினாலோ, காலை வைத்தாலோ குப்பென்று கிளம்பும்.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகின முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் இருந்தால் எச்சரிக்கையாகலாமே என்று தோன்றும். அங்கேதான் எமன் ஒளிந்திருக்கிறான். 10 லட்சம் பங்கு காற்றில் 100 பங்கு இந்த வாயு கலந்தாலே மூக்கு மரத்துப் போய்விடும். நாற்றமே தெரியாது. வாடை போய்விட்டது, இனி இறங்கலாம் என்று இறங்குவார்கள். 500 பங்கைத் தாண்டினால் சில நிமிஷத்தில் ஆள் விழுவான். 1,000 பங்குக்குப் போனால் ஓரிரு மூச்சுதான். கூச்சல் போடக்கூட நேரம் கிடைக்காது.

சாதாரணக் காற்றில் பிராண வாயு நூற்றுக்கு 21 பங்கு. அது 19.5–க்குக் கீழே போனால் அந்த இடத்தில் மனிதன் நுழையக் கூடாது. மூடிக் கிடந்த தொட்டியில் அது எவ்வளவு இருக்கும் என்று மீட்டர் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

நம் ஊரில் கிணற்றில் இறங்குகிறவர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது பழைய வழக்கம். அணைந்தால் இறங்க மாட்டார்கள். செப்டிக் டேங்கில் அந்த வேலை செய்யவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு இருப்பதை விளக்கு காட்டாது. மீத்தேன் இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும். மூக்கில் கைக்குட்டை கட்டுவதும், ஆஸ்பத்திரி மாஸ்க் போடுவதும் வெறும் சமாதானம். அவை தூசியைத் தடுக்கும், வாயுவைத் தடுக்காது.

இன்னொன்று. காப்பாற்றப் போகிறவன் ஏன் சாகிறான்? இது நம் ஊர்க் கதை மட்டும் அல்ல. மூடிய இடங்களில் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள்தான் என்று அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் 1986–லேயே எச்சரித்தது. முதலில் விழுந்தவனைச் சாய்த்த அதே காற்றுதான் அடுத்தவனுக்கும் காத்திருக்கிறது. பெற்ற தகப்பன் கீழே கிடக்கும்போது மகன் மேலே நின்று யோசிப்பானா? யோசிக்க மாட்டான். அதனால்தான் பயிற்சி என்று ஒன்று வேண்டும். முக்காலி போட்டு, உடம்பில் வார் கட்டி, மேலே இருந்தபடியே இழுக்கிற ஏற்பாட்டை முன்னாலேயே செய்திருக்க வேண்டும். விழுந்த பிறகு கயிறு தேடினால் பிணத்தைத்தான் எடுக்கலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டப்படி இந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2013–ம் ஆண்டுச் சட்டப்படி பாதுகாப்பு ஏற்பாடு இல்லாமல் செப்டிக் டேங்கிலோ சாக்கடையிலோ ஆளை இறக்குவது குற்றம். முதல் தடவைக்கு 2 வருஷம் வரை ஜெயில், அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 வருஷம், 5 லட்சம். இறக்குகிற அதிகாரி மட்டுமல்ல, கூலி பேசிக் கூட்டி வருகிற காண்ட்ராக்டரும் இதில் மாட்டுவார். ஆள் இறங்காமல் லாரியும் ஹோசும் வைத்து உறிஞ்சுவதுதான் முறை.

பிறகு ஏன் இறங்குகிறார்கள்? லாரி ஹோஸ் தண்ணீரை உறிஞ்சி விடும். அடி மண்டி வராது. 2, 3 வருஷத்துக்கு ஒரு தடவை எடுக்க வேண்டிய தொட்டியைப் பத்து வருஷம் போட்டு வைத்தால் மண்டி களிமண் மாதிரி இறுகிவிடும். தண்ணீர் அடித்து, மேலே நின்று நீளக் கம்பால் கலக்கி, மறுபடி உறிஞ்ச வேண்டும். அதற்கு நேரம் ஆகும். லாரிக்காரருக்கு அடுத்த டிரிப் இருக்கும். வீட்டுக்காரருக்கு இன்றைக்கே முடிய வேண்டும். கூட 500 ரூபாய் தருகிறேன், மண்வெட்டியோடு இறங்கு என்கிற பேச்சு இங்கேதான் பிறக்கிறது.

ஜப்பானைப் பாருங்கள்

ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஜப்பான் கம்பெனிகள் நிறைய. அவர்கள் நாட்டிலும் பாதாளச் சாக்கடை எட்டாத ஊர்கள் உண்டு. வீட்டுக்கு வீடு ஜோகாசோ என்ற சுத்திகரிப்புத் தொட்டி. அதற்கென்றே 1983–ல் ஒரு தனிச் சட்டம் போட்டார்கள். தொட்டி அமைக்கிறவருக்கும் பராமரிக்கிறவருக்கும் அரசாங்கத் தகுதிச் சான்று வேண்டும். மண்டி எடுக்கிற கம்பெனிக்கு உள்ளூர் நிர்வாகத்தின் லைசென்ஸ் வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது எடுத்தே ஆக வேண்டும். அங்கே அது மதிப்பான உத்தியோகம். ஜப்பான் இயந்திரத்தைக் கொண்டு வந்தோம், ஐந்து நிமிஷம் முன்னால் வேலைக்கு வரும் பழக்கத்தைக்கூடக் கற்றுக் கொண்டோம். இதை மட்டும் விட்டு விட்டோம்.

இங்கே என்ன இருக்கிறது?

ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் தூய்மைப் பணியாளர் நல வாரியம் 2007–லேயே வந்தது. பதிவு செய்து அட்டை வாங்கினால் விபத்து உதவி, பிள்ளைகளுக்குப் படிப்பு உதவி உண்டு. கழிவுநீர் லாரிகளுக்கு லைசென்ஸ் விதிகள் 2023–ம் ஆண்டு தொடக்கத்தில் வந்தன. 2 வருஷத்துக்கு 2,000 ரூபாய் கட்டணம். மத்திய அரசு 2023–ல் நமஸ்தே என்ற திட்டம் கொண்டு வந்தது. சாக்கடை, செப்டிக் டேங்க் தொழிலாளர்களைக் கணக்கெடுத்து, பயிற்சி, பாதுகாப்பு உடுப்பு, மருத்துவக் காப்பீடு, சொந்தமாக வண்டி வாங்க மானியம் கொடுப்பது அதன் நோக்கம்.

எல்லாம் சரி. ஓட்டை எங்கே? லாரி விதியும் நமஸ்தே கணக்கெடுப்பும் நகரங்களை மனதில் வைத்துப் போட்டவை. நம் தொழிற்சாலை வட்டாரமோ பெரும்பாலும் கிராம ஊராட்சிகள். பத்து மாடிக் கட்டடம் நிற்கும், அதிகாரப்படி அது கிராமம்!

இரண்டாவது ஓட்டை இன்னும் பெரிது. நாளைக்குத் தொட்டியில் இறங்கப் போகிறவன் தன்னைத் துப்புரவுத் தொழிலாளி என்றே நினைப்பதில்லை. அவன் வாட்ச்மேனாக இருக்கலாம், கொத்தனாருக்குச் சித்தாளாக இருக்கலாம், ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவனாக இருக்கலாம், ஒடிசாவில் இருந்து போன மாதம் ரயில் ஏறி வந்தவனாக இருக்கலாம். நெமிலியில் வீட்டுக்காரர் குடும்பமே போயிற்று. இவர்களுக்கு எந்த வாரியத்தில் அட்டை? எந்தச் சங்கத்தில் சந்தா? சங்கம் இருந்தால், இந்த வேலைக்கு இறங்க மாட்டோம் என்று சொல்ல நாலு பேர் பின்னால் நிற்பார்கள். தனி ஆளாக நிற்கிறவன் 500 ரூபாய்க்குத் தலையாட்டி விடுகிறான்.

தொழிற்சாலைக்குள் இந்தக் கூத்து நடக்காது. தொட்டிக்குள் போவதற்கு எழுத்தில் பெர்மிட், வாசலில் காவலாள், கையில் வாயு மீட்டர் என்று அங்கே விதி இருக்கிறது. காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, அதே தொழிலாளி தங்குகிற மேன்சனில் ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு சுவர்தான்! அந்தப் பெரிய கம்பெனிகளின் பாதுகாப்பு அதிகாரிகள் மாதம் ஒரு நாள் வெளியே வந்து, லாரிக்காரர்களையும் மேன்சன்காரர்களையும் உட்கார வைத்து வகுப்பு எடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

குடும்பத்துக்கு என்ன வழி?

1993 முதல் சாக்கடை, செப்டிக் டேங்கில் செத்தவர்கள் கணக்கில் தமிழ்நாட்டில் மட்டும் 200 பேருக்கு மேல். நாட்டிலேயே முதல் வரிசையில் நிற்கிறோம். சுப்ரீம் கோர்ட்டு 2014–ம் ஆண்டு ஒவ்வொரு சாவுக்கும் 10 லட்சம் ரூபாய் நஷ்டஈடு கொடுக்க உத்தரவிட்டது. 2023–ம் ஆண்டு அக்டோபர் 20–ந்தேதி அதை 30 லட்சமாக உயர்த்தியது. நிரந்தரமாக முடமானால் குறைந்தது 20 லட்சம்.

வீட்டுத் தொட்டி நிரம்பினால் லாரிக்கு 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். லாரி வந்ததும் லைசென்சைக் கேளுங்கள். யாராவது சட்டையைக் கழற்றி உள்ளே இறங்கத் தயாரானால் மூடியை மூடச் சொல்லுங்கள். யாராவது உள்ளே விழுந்து விட்டால் நீங்கள் இறங்காதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போடுங்கள். அவர்களிடம் மூச்சுக் கருவி இருக்கிறது.

2013–ம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் கலெக்டர் தலைமையில் கண்காணிப்புக் குழு இருக்க வேண்டும். கிராம ஊராட்சியானாலும் நகரமானாலும் இந்தச் சட்டம் ஒன்றுதான். புகாரும் நஷ்டஈட்டு மனுவும் காஞ்சிபுரம் கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்கலாம். மனுவில் தேதி, இடம், வேலைக்குக் கூப்பிட்டவர் பெயர் மூன்றையும் மறக்காமல் எழுத வேண்டும்.