பகைவர் இருவர் எழுதிய சொல்

பாவத்துக்குப் பரிகாரம், பிராயச்சித்தம் என்றெல்லாம் இன்று பொருள் கொள்ளப்படும் 'அட்டோன்மெண்ட்' என்னும் ஆங்கிலச் சொல்லைப் பிரித்துப் பார்ப்போமாயின், அதனுள் பாவமும் இல்லை, பரிகாரமும் இல்லை. பிணங்கிய இருவர் மீண்டும் இணங்கினால் அவர்கள் 'அட் ஒன்', அதாவது ஒன்றாய், ஆனார்கள் என்பது பழைய ஆங்கிலேயரின் பேச்சு வழக்கு. அதனோடு 'மெண்ட்' என்னும் விகுதி கூடிப் பிறந்ததே இச்சொல். எண் ஒன்றை இக்காலத்தில் 'வன்' என்று ஒலிக்கும் அம்மக்கள் முன்னாளில் 'ஓன்' என்றே ஒலித்தனர். தனிமையைக் குறிக்கும் 'அலோன்' என்ற சொல்லிலும் இதிலும் அந்தப் பழைய ஒலி இன்னும் அழியாமல் நிற்கிறது.

இதனைப் படைத்தவர் வேதாகமத்தை மொழிபெயர்த்த வில்லியம் டிண்டேல் என்று பலர் கூறுவர். அது முற்றும் சரியன்று. 1513-ஐ ஒட்டிய ஆண்டுகளில் தாமஸ் மோர் எழுதிய மூன்றாம் ரிச்சர்டு மன்னனின் சரித்திரத்திலேயே, பிரபுக்களுக்கிடையே ஏற்பட்ட சமாதானத்தைக் குறிக்க இச்சொல் வந்துவிட்டது. வோர்ம்ஸ் நகரில் 1526-இல் அச்சாகிய தமது புதிய ஏற்பாட்டில், மனிதன் கடவுளோடு உறவு கூடுவதைக் கூறும் கிரேக்கப் பதத்துக்கு டிண்டேல் இதையே எடுத்தாண்டு, அரசியல் சொல்லைத் தெய்விகச் சொல்லாக்கினார். அந்த மோரே டிண்டேலை வேதப் புரட்டர் என்று கண்டித்து நூல் நூலாய் எழுதிய கடும் எதிரி என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கிறது. 1535-இல் லண்டனில் மோர் சிரச்சேதம் செய்யப்பட்டார். மறு ஆண்டு, பிரஸ்ஸல்ஸுக்கு அருகிலுள்ள வில்வோர்டில், டிண்டேல் கழுத்து நெரிக்கப்பட்டு எரிக்கப்பட்டார். இணக்கத்தைக் குறிக்கும் சொல்லை இருவரும் எழுதினர், ஒருவரோடொருவர் இணங்கியதில்லை.

பொருள் மாறியதற்கு டிண்டேலே ஓரளவு காரணர் என்பேன். 1530-இல் வெளிவந்த ஐந்தாகம மொழிபெயர்ப்பில், குற்றம் நீங்கச் செய்யும் எபிரேயப் பலிச் சடங்குகளுக்கும் இதே சொல்லை அவர் வழங்கவே, நாளடைவில் உறவு கூடுதல் மங்கி, அதற்குச் செலுத்தும் கிரயமே முன்னின்றது. 1611-ஆம் ஆண்டின் ஜேம்ஸ் மன்னர் பதிப்பு, புதிய ஏற்பாட்டில் ஒரே ஓரிடத்தில்தான் இதனை விட்டுவைத்தது.

நம் தமிழ் வேதாகமமோ இவ்விரண்டையும் வேறு வேறாகவே வைத்திருக்கிறது: லேவியராகமத்துப் பலிகளுக்குப் 'பாவநிவிர்த்தி'; ரோமர் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில், ஜேம்ஸ் மன்னர் பதிப்பு விட்டுவைத்த அதே இடத்தில், 'ஒப்புரவாகுதல்'.