குவாத்தமாலாவும் அதன் மக்களும்

பாயசத்திலே நாம் இடும் ஏலம் தென்னிந்திய மலைக்காடுகளிலே தோன்றியது. நமது மலைநாட்டிலும் பயிராவது. ஆயினும், உலகச் சந்தைக்கு ஏலத்தை மிகுதியாக அனுப்பும் நாடு எது என்று வினவினால், குவாத்தமாலா என்பதே விடையாகும். இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கு கொண்டுசெல்லப்பட்ட அச்செடி, அந்நாட்டின் ஈரமலைச் சாரல்களிலே செழித்துவிட்டது. விளைவதிற் பெரும்பகுதி அரபு நாடுகளுக்குக் கப்பலேறுகின்றது. விளைவிப்போர் அதனைத் தம் உணவிற் சேர்ப்பது அரிது. அவர்களின் உணவுக்கும் வாழ்வுக்கும் அடிப்படையாக உள்ளது வேறொரு பயிர். அதுதான் சோளம்.

மெக்சிக்கோவுக்குத் தெற்கே, பசிபிக் மாகடலுக்கும் கரிபியன் கடலுக்கும் இடையில் அமைந்துள்ளது குவாத்தமாலா. பரப்பிலே இலங்கையினும் ஒன்றரை மடங்குக்குச் சற்று மேற்பட்டது. தெற்கே எரிமலைகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றுள் தாஹுமுல்கோ 4,200 மீற்றருக்கு மேல் உயர்ந்து, மத்திய அமெரிக்காவின் மிகவுயர்ந்த சிகரமாக விளங்குகின்றது. எரிமலைச் சாம்பல் படிந்த மண் கோப்பிக்கு உகந்தது. ஆனால் வளம் தரும் மலையே உயிரையும் வாங்கும். 2018ஆம் ஆண்டு யூன் 3ஆந் திகதி புவேகோ எரிமலை சீறியபோது, அதன் அடிவாரத்துக் கிராம மக்கள் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்.

மலைநாட்டின் நடுவே அதித்லான் ஏரி உள்ளது. பண்டை எரிமலையொன்று வெடித்து உள்வீழ்ந்த பெரும்பள்ளத்திலே நீர் நிறைந்து உண்டானது இது; 300 மீற்றருக்கும் மேற்பட்ட ஆழமுடையது; கரையிலே மூன்று எரிமலைகள் காவல் நிற்கின்றன. வடக்கேயுள்ள முகிற்காடுகளில் கெத்சால் என்னும் பறவை வாழ்கின்றது. மரகத நிறமும் உடலினும் நீண்ட வாலிறகும் கொண்ட இப்பறவையே நாட்டின் சின்னம். நாணயத்தின் பெயரும் அதுவே.

பயணிகள் விரும்பிச் செல்லும் இடங்கள் இரண்டு. ஒன்று, ஸ்பானியரின் பழைய தலைநகரான அந்திகுவா. 1773இல் நிகழ்ந்த நிலநடுக்கத்தால் அது சிதைந்தபின் தலைநகர் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. மற்றது, வடபுலக் காட்டினுள் நிற்கும் திக்கால். 60 மீற்றருக்கும் மேல் எழுந்த கற்கோயிலின் உச்சியில் நிற்போருக்கு, மரமுடிகளே கடல்போலத் தோன்றும். மாயா மக்கள் எழுப்பிய இந்நகரம் பத்தாம் நூற்றாண்டளவிலே கைவிடப்பட்டது.

இதனைக் கண்டு திரும்புவோர் பலர், மாயா இனம் மறைந்துபோயிற்று என்று எண்ணிவிடுகின்றனர். அது தவறு. கைவிடப்பட்டவை நகரங்களே; மக்கள் மறையவில்லை. 2018ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி, நாட்டு மக்களுள் நூற்றுக்கு நாற்பதின்மருக்கு மேற்பட்டோர் தம்மை மாயா மக்கள் என்றே பதிந்துள்ளனர். கிச்சே, கெக்சி, காக்சிக்கேல், மாம் முதலாக 22 மாயா மொழிகள் அங்கு வழங்குகின்றன.

இம்மக்களை அறிவதற்கு நல்ல வழி அவர்களது அடுப்பங்கரையே. கிச்சே மக்களின் பழம்பெரு நூலாகிய 'பொப்போல் வூ', கடவுளர் முதலில் மண்ணாலும் பின்னர் மரத்தாலும் மனிதரை ஆக்கித் தோல்வியுற்று, இறுதியிற் சோளமாவினால் ஆக்கி வெற்றி கண்டனர் என்று கூறுகின்றது. வயலிலே சோளத்தை அவர்கள் தனித்து நடுவதில்லை. சோளத்தண்டிலே அவரைக்கொடி படரும். அதன் வேர் மண்ணுக்கு உரமூட்டும். நிலத்திற் படரும் பூசணியிலை ஈரத்தைக் காத்துக் களையை அடக்கும்.

சமைக்கும் முறையும் நுட்பமானது. சோளமணிகளைச் சுண்ணாம்பு கலந்த நீரில் வேகவைத்து, ஊறவிட்டுக் கழுவியபின் அரைக்கின்றனர். இதனால் தோல் கழன்றுவிடுவதோடு, தானியத்துள் உடலுக்குக் கிட்டாது அடங்கிக்கிடக்கும் உயிர்ச்சத்து ஒன்றும் விடுபடுகின்றது. ஐரோப்பியர் சோளத்தைக் கொண்டுசென்றனர்; இம்முறையைக் கொண்டுசெல்லவில்லை. அதனால், சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய ஏழைகளிடையே பெலகிரா என்னும் கொடுநோய் பரவியது.

அரைத்த மாவைக் கையால் தட்டிச் சுட்ட ரொட்டி 'தோர்த்தியா'. இலையிற் பொதிந்து அவித்தது 'தமால்'. கறுப்பு அவரை இவற்றுக்குத் துணை. வறுத்த பூசணி விதையும் எள்ளும் மிளகாயும் தக்காளியும் அரைத்துச் சேர்த்த 'பெப்பியான்' என்னும் இறைச்சிக் குழம்பு, அரைத்த கூட்டிற் கறி வைக்கும் நம்மவர் நாவுக்கு அந்நியமாகாது.

சிச்சிக்காஸ்தெனாங்கோ என்னும் ஊரிலே வியாழனும் ஞாயிறும் சந்தை கூடும். அங்குள்ள தேவாலயப் படிகளில் மாயா மக்கள் குங்கிலியம் போன்ற பிசினைப் புகைத்துத் தம் முன்னோர் முறைப்படி வணங்குவர். பெண்கள் அணியும் 'வீப்பில்' என்னும் மேலாடை, ஒரு முனையை மரத்திலும் மறுமுனையை இடுப்பிலும் கட்டிய தறியிலே நெய்யப்படுவது. அதன் கோலத்தைக் கொண்டே அணிந்தவரின் ஊரை அறிவார் அறிவர்.

இவ்வழகுகளைக் காணும்போது, அவை கொடுத்த விலையையும் அறிதல் வேண்டும். 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் ஏறக்குறைய இரண்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற் போயினர். உண்மையை ஆராய்ந்த ஆணைக்குழு, அடையாளங் காணப்பட்டோருள் நூற்றுக்கு 83 பேர் மாயா மக்கள் என 1999இல் அறிவித்தது. ஊரைக் காட்டிக்கொடுக்கும் ஆடையை உடுக்கவே அஞ்சிய காலம் அது. கிச்சே இனத்தவரான ரிகொபெர்த்தா மெஞ்சூ அம்மையார், தம் மக்களின் உரிமைக்காகப் போராடி 1992இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு பெற்றார். மாயா மொழிகளைத் தேசிய மொழிகளாக ஏற்கும் சட்டம் 2003இல் நிறைவேறியது.

எனினும் துயர் தீர்ந்தபாடில்லை. நல்ல நிலம் சிலர் கையிலே குவிந்துள்ளது. 2014-15இல் எடுத்த கணிப்பில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் ஏறக்குறையப் பாதிப்பேர் ஊட்டமின்றி வளர்ச்சி குன்றியவராகக் காணப்பட்டனர். சோளத்தாற் படைக்கப்பட்டோம் என்று கூறும் மக்களின் பிள்ளைகள் பசித்திருப்பது அந்நாட்டின் பெருங்குறை.

குவாத்தமாலாவுக்குச் செல்வோர் திக்காலின் கற்களைக் கண்டு வியக்கட்டும். ஆயின், கோயிலை எழுப்பியோரின் வழித்தோன்றல்கள் வழியோரத்திலே தோர்த்தியா தட்டிக்கொண்டிருப்பர். அவர்களிடம் ஒன்றை வாங்கிச் சூடாக உண்டு, அவர்கள் மொழியிலே நன்றி கூறக் கற்றுக்கொண்டால், பயணம் பயனுடையதாகும்.