கேம்பர்வேன்ல கொடைக்கானல்: ஏறுறது ஈஸி, இறங்குறதுதான் கதை

கேம்பர்வேன் எடுத்துட்டு கொடைக்கானல் போகலாமா? போகலாம். 2024 மே 7-ல இருந்து இ-பாஸ் கட்டாயம், அதை மட்டும் முதல்ல எடுத்துடுங்க. பேரிஜம் ஏரிக்கு வனத்துறை அனுமதி தனி. அங்க ராத்திரி தங்குற கனவு வேண்டாம்.

"இவ்ளோ வெயிட்டோட வண்டி ஏறுமா?"னுதான் எல்லாரும் யோசிக்கிறாங்க. கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரம். காத்து அடர்த்தி குறைவுதான், ஆனா டர்போ டீசல் இன்ஜின் சமாளிச்சிடும். சிக்கல் திரும்பி வரும்போது.

ஒரு சின்ன கணக்கு. கட்டில், அடுப்பு, பேட்டரி, தண்ணி டேங்க் எல்லாம் சேர்த்து வண்டி 3.5 டன்னு வச்சுக்குவோம். வத்தலக்குண்டு வரைக்கும் ஏறக்குறைய 1,800 மீட்டர் இறக்கம். நிறை, புவியீர்ப்பு, உயரம் மூணையும் பெருக்கினா சுமார் 62 மெகாஜூல். கரண்ட் பில் பாஷையில 17 யூனிட். ரெண்டு மணி நேரத்துல இறங்கினா, 1,000 வாட் அயர்ன் பாக்ஸ் எட்டு, ஒம்பதை விடாம போட்டு வச்ச மாதிரி. (காலேஜ்ல இந்த ஃபார்முலாவை எத்தனை தடவை எழுதியிருப்போம்! ஒருத்தராவது மலைப்பாதையை உதாரணமா சொல்லியிருக்கலாம்.) காத்தும் டயரும் கொஞ்சம் வாங்கிக்கும். மிச்சத்தை இன்ஜின் வாங்கணும், இல்லைன்னா பிரேக் வாங்கணும்.

பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா என்ன ஆகும்? முதல்ல பேடு சூடாகி பிடிமானம் குறையும். அடுத்தது பிரேக் ஆயில். அது காத்துல இருக்குற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதுசா இருக்கும்போது குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் சேர்ந்தா 155 டிகிரியிலயே கொதிக்கலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழ். திரவத்தை அழுத்தினா அழுத்தம் சக்கரத்துக்குப் போகும், ஆவியை அழுத்தினா அது சுருங்கிடும், அவ்ளோதான். பெடல் தரை வரைக்கும் போகும், வண்டி நிக்காது.

அதனாலதான் மலைப்பாதை டிரைவர் அண்ணன்கள் சொல்றது: எந்த கியர்ல ஏறினியோ அதே கியர்ல இறங்கு. செகண்ட், தேர்டுல விட்டா இன்ஜினே இழுத்துப் பிடிக்கும். டீசல் மிச்சம்னு நியூட்ரல்ல விட்டா அந்தப் பிடிப்பு மொத்தமா போச்சு. கருகின வாடை வந்தா அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆற விடுங்க. தண்ணி ஊத்தாதீங்க, டிஸ்க் விரிசல் விடலாம்.

இன்னொண்ணு, 200 லிட்டர் தண்ணின்னா 200 கிலோ. இறங்குறதுக்கு முன்னாடி டேங்கைக் காலி பண்ணிடுங்க. பாத்திரம் கழுவின அழுக்குத் தண்ணியை மட்டும் ஓடையில விடாதீங்க. அந்த ஓடைகள்தான் கீழ இருக்குற ஊர்களுக்குக் குடிதண்ணி.