இணையதளச் சான்றிதழ்: பூட்டு எதற்குச் சாட்சி?

கருணாபுரத்திலும் கள்ளக்குறிச்சியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் நம் அங்கத்தினர் பலர் இன்று நூலுக்கும் விதைக்கும் கைப்பேசி வழியே பணம் செலுத்துகின்றனர். முகவரிக்கு அருகில் பூட்டுப் படம் இருந்தால் பயமில்லை என்று கருதுவோர் அவர்களுள் உளர். அக்கருத்து பாதிதான் சரி; மறுபாதியில்தான் பணம் போகிறது.

அப்பூட்டுக்குப் பின்னால் இருப்பது ஒரு சான்றிதழ். நாம் அனுப்புவதை வழியில் எவரும் படிக்கவோ மாற்றவோ இயலாதபடி மறைமொழியாக்க அது உதவுகிறது. முகவரியில் காணும் பெயருக்குரிய தளத்துடன்தான் பேசுகிறோம் என்று மூன்றாமவர் ஒருவர் கூறும் சாட்சியாகவும் அமைகிறது. நூல் மூட்டைக்கு வைக்கும் அரக்கு முத்திரையை நினைத்துப் பாருங்கள். அது உடையாதிருந்தால் வழியில் எவரும் பிரிக்கவில்லை என அறியலாம். அனுப்பியவர் யோக்கியரா என்பதை அரக்கு சொல்லாது.

இச்சான்றிதழ்களில் மூன்று தரம் உண்டு. முதல் தரத்தில், கேட்பவர் வசம் அந்த முகவரி உள்ளதா என்பதை மட்டும் இயந்திரமே சோதித்துச் சில நிமிஷங்களில் வழங்கிவிடும். 'லெட்ஸ் என்கிரிப்ட்' என்னும் லாப நோக்கற்ற அமைப்பு 2015 முதல் இதனை இலவசமாகத் தருகிறது. சிறு சங்கங்களுக்கு இது பெரிய உதவி; ஆனால் மோசடிக்காரனும் இதையே பெறலாம். இரண்டாம் தரத்தில் அந்நிறுவனம் உண்மையில் உள்ளதா எனப் பதிவேடுகளைப் பார்க்கின்றனர். மூன்றாவதில் சட்டப் பதிவு, விலாசம், விண்ணப்பித்தவரின் அதிகாரம் யாவும் விசாரிக்கப்படும். மறைமொழியின் பலத்தில் இவற்றிடையே வேறுபாடில்லை. விசாரணையின் ஆழத்திலேயே வேறுபாடு. மூன்றாம் தரத்துக்கு முன்னர் நிறுவனத்தின் பெயரையே முகவரிப் பட்டையில் காட்டி வந்தனர். மக்கள் அதைக் கவனிப்பதில்லை என்று கண்டு 2019-இல் குரோமும் பயர்பாக்ஸும் அதனை அகற்றின. பூட்டை நேர்மையின் அடையாளமாகப் பலர் தவறாகக் கொண்டதால், 2023-இல் குரோம் பூட்டுப் படத்தையும் மாற்றிவிட்டது.

சாட்சியே பிழைபட்ட சம்பவமும் நம் நாட்டில் உண்டு. 2014 ஜூலையில், தேசியத் தகவலியல் மையத்தின் வழியே கூகுள் முகவரிகள் சிலவற்றுக்கு அனுமதியற்ற சான்றிதழ்கள் வழங்கப்பட்டிருந்ததைக் கூகுள் கண்டறிந்தது. மறுநாளே சான்றளிப்போர் கட்டுப்பாட்டாளர் அம்மையத்தின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தார்.

ஆதலின் முகவரியின் பெயரையே எழுத்தெழுத்தாகப் படித்தல் வேண்டும். அதன் கடைசிப் பகுதியை முக்கியமாகப் பார்க்க வேண்டும். வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் '.பேங்க்.இன்' என முடியும் முகவரிக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. கூட்டுறவு வங்கிகளும் இதில் அடங்கும். வங்கியல்லாதார் அம்முகவரியைப் பெற இயலாது.

தளம் வைத்திருக்கும் சங்கங்களின் காரியதரிசிகளுக்கு ஒரு வார்த்தை. 2026 மார்ச் 15 முதல் வழங்கப்படும் சான்றிதழ்களின் ஆயுள் 200 நாட்களுக்கு மேற்படலாகாது என விதித்துள்ளனர். புதுப்பிக்கத் தவறினால், நம் சொந்தத் தளத்தையே ஆபத்தானதென்று உலாவி அங்கத்தினரிடம் எச்சரிக்கும்.