ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிளம்பும் முன்

ராக்கெட் ஏவப்படுவதை நேரில் பார்க்கும் வாய்ப்பு சென்னைக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வடக்கே சுமார் 80 கிலோமீட்டரில், வங்கக்கடலுக்கும் பழவேற்காடு ஏரிக்கும் நடுவே உள்ள தீவு ஸ்ரீஹரிகோட்டா. அங்குள்ள சதீஷ் தவன் விண்வெளி மையத்தில் பொதுமக்களுக்கென்றே 2019-ல் பார்வையாளர் மாடம் திறந்தார்கள். இஸ்ரோவின் இணையதளத்தில் முன்பதிவு செய்து, அடையாள அட்டையுடன் போக வேண்டும். பதிவு தொடங்கியதும் இடங்கள் மளமளவென்று தீர்ந்துவிடும். புறநகர் ரயிலில் சூலூர்பேட்டை வரை போகலாம். அங்கிருந்து மாடத்துக்கு வண்டி ஏற்பாட்டை முன்பே செய்துகொள்ளுங்கள். குடிநீர், தொப்பி, குழந்தைகளுக்குத் தின்பண்டம் அவசியம்.

இவ்வளவும் செய்துவிட்டுப் போனாலும் கண்ணுக்குத் தெரிவது சில நிமிடங்கள்தான். எந்த விநாடியில் என்ன நடக்கும் என்பதைப் பிள்ளைகளோடு வீட்டிலேயே பேசிவிட்டுப் போனால், அந்த நிமிடங்களில் ஒன்றுகூட வீணாகாது.

முதலில் ஒளி, பிறகு ஒலி

கவுன்ட் டவுன் பூஜ்யத்தைத் தொட்டதும் ஒரு வெளிச்சம் எழும். ராக்கெட் சத்தமில்லாமல் மேலே போகும். ஒளி உடனே வந்துவிடுகிறது. ஒலிக்கு ஒரு கிலோமீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 விநாடி பிடிக்கிறது. வெளிச்சம் தெரிந்த கணத்தில் பிள்ளைகளை எண்ணத் தொடங்கச் சொல்லுங்கள். உறுமல் காதில் விழும்போது எண்ணிக்கையை 3-ஆல் வகுத்தால், ஏவுதளம் எத்தனை கிலோமீட்டர் தள்ளியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அதன் பிறகு நாம் கேட்கும் சத்தமெல்லாம் ராக்கெட் ஏற்கெனவே கடந்துபோன இடத்திலிருந்து வருவது. அதனால்தான் அது மேகத்துக்குள் மறைந்த பிறகும் வானம் அதிர்ந்துகொண்டே இருக்கிறது.

எந்த ராக்கெட் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பி.எஸ்.எல்.வி.யின் எக்ஸ்.எல். வகையில், நடு உடலைச் சுற்றி 6 துணை மோட்டார்கள் இருக்கும். கிளம்பும்போது 4 மட்டுமே எரியும்; மற்ற 2-ம் சுமார் 25 விநாடி கழித்து வானத்தில் பற்றிக்கொள்ளும்.

எல்.வி.எம்.3 இன்னும் வியப்பானது. 640 டன் எடையுள்ள அந்த ராக்கெட்டைத் தரையிலிருந்து தூக்குவது பக்கவாட்டில் உள்ள 2 பெரிய திட எரிபொருள் பூஸ்டர்கள்தான். நடுவிலுள்ள விகாஸ் என்ஜின்கள் அப்போது சும்மாவே இருக்கும். இரண்டு நிமிடம் நெருங்கும்போதுதான் அவை இயங்கத் தொடங்கும். சற்று நேரத்தில் பூஸ்டர்கள் கழன்று விழும். வானம் தெளிவாக இருந்தால், முக்கியமாக இரவு நேரத்தில், இந்த மாற்றங்களைக் கண்டுபிடிக்க முயலலாம். பின்னால் நீளும் அடர்ந்த வெண்புகைக்கும் காரணம் உண்டு. திட எரிபொருளில் கலந்த அலுமினியத் தூள் எரிந்து அலுமினியம் ஆக்சைடு துகள்களாக வெளியேறுகிறது.

செல்போனை ஸ்டாண்டில் நிறுத்தி வீடியோவை ஓடவிட்டுவிடுங்கள். கண்கள் வானத்தைப் பார்க்கட்டும்.

தள்ளிப்போனால்?

2019 ஜூலை 15 அதிகாலை, சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடம் இருந்தபோது கவுன்ட் டவுன் நிறுத்தப்பட்டது. ஏழு நாள் கழித்து, ஜூலை 22-ல்தான் அது புறப்பட்டது. 2024 டிசம்பர் 30-ல் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைச் சுமந்த பி.எஸ்.எல்.வி., பாதையில் மற்ற செயற்கைக்கோள்கள் குறுக்கிடாமல் இருக்க 2 நிமிடம் தாமதமாக ஏவப்பட்டது. எனவே ஒருநாள் கூடுதலாகக் கையில் வைத்துக்கொண்டு திட்டமிடுவது நல்லது. நிறுத்திவைக்கும் முடிவு எவ்வளவு பொறுப்பானது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

ராக்கெட் கண்ணிலிருந்து மறைந்ததும் கூட்டம் கைதட்டிவிட்டுக் கிளம்பத் தொடங்கும். நீங்கள் அவசரப்படாதீர்கள். 2025 மே 18-ல் பி.எஸ்.எல்.வி. சி-61 அழகாகத்தான் எழும்பியது. மூன்றாம் கட்டத்தில் கோளாறு ஏற்பட்டு, செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை அடையவில்லை. இந்த மண்ணிலிருந்து 1979-ல் முதன்முதலாகக் கிளம்பிய எஸ்.எல்.வி.-3 கூட அன்று தோற்றது. அதுவே 1980 ஜூலையில் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்தியது. செயற்கைக்கோள் பிரிந்தது என்ற அறிவிப்பு வரும்வரை நேரலையைக் கேட்டுக்கொண்டிருங்கள். வேலை முடிந்ததாக விஞ்ஞானிகள் கணக்கில் எடுப்பது அந்த அறிவிப்பைத்தான். பிள்ளைகளும் அதுவரை காத்திருக்கப் பழகட்டும்.