‘சும்மா விளையாட்டுக்கு’ன்னு ஆரம்பிக்கும்... கிட்னியில் போய் முடியும்!

காலேஜில் இடம் கிடைத்துவிட்டது. கோவில்பட்டி கடைவீதியில் புதுப் பெட்டி, பக்கெட், போர்வை எல்லாம் வாங்கியாச்சு. ரூமில் கூட இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடுக்கட்டும் என்று ரெண்டு கிலோ கடலை மிட்டாயும் கட்டியாச்சு. இடைசெவல் மாதிரி மழையை நம்பிப் பருத்தியும் உளுந்தும் போடுகிற கரிசல் ஊர்களில், ஒரு பிள்ளை ஹாஸ்டலுக்குப் போகிறதென்றால் அது தெருவுக்கே விசேஷம். பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் ஆள் அந்தப் பிள்ளைதான்.

சிக்கலும் அங்கேதான். ஹாஸ்டலில் என்ன நடக்கும் என்று சொல்லி அனுப்ப வீட்டில் ஆள் கிடையாது. பத்து நாள் கழித்து, “சீனியர்ஸ் ஒரு மாதிரி பண்றாங்கம்மா” என்று பிள்ளை போனில் இழுத்தால், “எல்லா இடத்துலயும் அப்படித்தான்யா இருக்கும்... கொஞ்சம் பொறுத்துப் போ” என்றுதான் சொல்லத் தெரிகிறது.

பொறுத்துப் போகிற விஷயமா ராகிங்?

பேச்சைப் பிடித்துக் கேலி

பெரும்பாலும் வாயில்தான் ஆரம்பிக்கும். பேரைச் சொல்லு, ஊரைச் சொல்லு, பாட்டுப் பாடு. கரிசல்காட்டுப் பேச்சு வாயில் வந்தால் போச்சு... “இன்னொரு தடவை சொல்லுடா” என்று பத்துப் பேர் சுற்றி நின்று சிரிப்பார்கள். கூசிப்போன பிள்ளை அதன்பிறகு வகுப்பிலும் வாய் திறக்காது.

இந்தப் பேச்சுக்குத்தான் இடைசெவல்காரரான கி. ராஜநாராயணன் தனியாக அகராதியே தொகுத்தார். கல்லூரிப் படிப்பில்லாத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் பேராசிரியராக அழைத்து உட்கார வைத்தது. இதைப் பிள்ளைக்குச் சொல்லி அனுப்புங்கள்.

இன்னொன்றும் சொல்லுங்கள். ஊர், பேச்சு, சாதி, நிறம், வசதியின்மை இவற்றை வைத்து ஒரு மாணவரைத் துன்புறுத்துவதும் ஒதுக்குவதும் ராகிங்தான் என்று 2016-ல் பல்கலைக்கழக மானியக் குழு விதியிலேயே சேர்த்துவிட்டது.

உடம்புக்குள் நடப்பது

“நூறு பஸ்கி போடு, ஐம்பது தண்டால் எடு... இதில் என்ன கெட்டுப்போச்சு? உடற்பயிற்சிதானே!” என்று கேட்பவர்கள் உண்டு.

பழக்கமில்லாத உடம்பை மூச்சுவிட நேரம் தராமல் வேலை வாங்கினால், தசை நார்கள் உடைய ஆரம்பிக்கும். தசைக்குள் இருக்கும் ‘மயோகுளோபின்’ என்ற புரதம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகும். அது அளவுக்கு மீறினால் சிறுநீரகம் திணறி, செயலிழந்துவிடும் ஆபத்து இருக்கிறது. வெயிலும், தண்ணீர் குடிக்காததும் சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அல்ல. 1997-ல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரப்பிரகாஷ் என்ற தமிழ் மாணவர், பொறியியல் படிக்கப் போனவர், ராகிங்கில் கடுமையான உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். மறு வருஷமே, 1998-ல், இலங்கை ராகிங்கைத் தடை செய்து சட்டம் போட்டது.

எனவே ஒன்றை மனதில் போட்டுக்கொள்ளுங்கள். கடுமையாக பஸ்கி, தண்டால் எடுத்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ தொடையும் தோளும் வீங்கி வலித்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அது சாதாரண உடம்புவலி இல்லை. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். நேரத்தோடு போனால் குளுக்கோஸ் பாட்டில் மாதிரி சலைன் ஏற்றியே பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். தானாக வலி மாத்திரை வாங்கிப் போடக் கூடாது. சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும்.

ஒரே மூச்சில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்வதும் விளையாட்டல்ல. ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கி, மூளை வீங்கிவிடும். அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் சிகோ நகரில் 2005-ல் ஒரு கல்லூரி மாணவர் இப்படித்தான் இறந்தார்.

சட்டம் வந்த கதை

1996 நவம்பரில் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மருத்துவம் படித்த பொன் நாவரசு காணாமல் போனதும், பின்னர் கொலை செய்யப்பட்டது தெரிந்ததும் தமிழ்நாட்டையே உலுக்கியது. துணைவேந்தராக இருந்தவரின் மகனுக்கே இந்தக் கதி. சீனியர் மாணவர் ஒருவருக்கு 1998-ல் கடலூர் கோர்ட் ஆயுள் தண்டனை விதித்தது. 2001-ல் ஹைகோர்ட் விடுதலை செய்தது. 2011-ல் சுப்ரீம் கோர்ட் தண்டனையை உறுதி செய்தது.

அந்தச் சாவுக்குப் பிறகுதான் 1997-ல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. ராகிங் செய்தால் 2 வருஷம் வரை ஜெயில், 10,000 ரூபாய் வரை அபராதம். கல்லூரியிலிருந்தும் நீக்கப்படுவார்கள். புகார் வந்தும் நடவடிக்கை எடுக்காத கல்லூரித் தலைவரும் குற்றத்துக்கு உடந்தையாகவே கருதப்படுவார்.

அம்மா அப்பா கவனிக்க...

பிள்ளைகள் பெரும்பாலும் நேராகச் சொல்ல மாட்டார்கள். கடன் வாங்கிப் படிக்க வைக்கிறார்களே, இதைச் சொல்லிக் கஷ்டப்படுத்துவானேன் என்று மறைப்பார்கள். இந்த அறிகுறிகள் தெரிந்தால் உஷாராகுங்கள்:

• லீவுக்கு வந்தால் திரும்பிப் போக மனசில்லாமல் இருப்பது. கிளம்புகிற நாளில் வயிற்றுவலி, தலைவலி, வாந்தி.

• சாப்பாடும் தூக்கமும் குறைவது. போன் மணி அடித்தாலே திடுக்கிடுவது.

• காரணம் சொல்லாமல் அடிக்கடி பணம் கேட்பது. உடம்பில் காயம், கன்றிப்போன தழும்பு.

• “படிப்பே வேண்டாம்” என்பது. “செத்துடலாம் போல இருக்கு” என்று ஒரு தடவை சொன்னாலும் அதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலிமானஸ் இலவச எண்ணில் எந்த நேரமும் ஆலோசனை கிடைக்கும்.

“ஏன்யா பயந்து சாகுற?” என்று அதட்டாதீர்கள். “என்ன நடந்துச்சு ராசா, சொல்லு... நாங்க இருக்கோம்” என்று கேளுங்கள். பாதி பாரம் அப்போதே இறங்கிவிடும்.

புகார் எப்படி?

முதலில் வார்டன், பிரின்சிபால், கல்லூரியின் ராகிங் தடுப்புக் குழு. புகாரை எழுதியே கொடுங்கள். ஒரு நகல் கையில் இருக்கட்டும். 1800-180-5522 என்ற பல்கலைக்கழக மானியக் குழுவின் இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. அடிதடி, காயம் என்றால் காத்திருக்க வேண்டாம், நேரே போலீஸ். ஆஸ்பத்திரிக்குப் போனால் டாக்டரிடம் உண்மைக் காரணத்தைச் சொல்லிப் பதிய வைப்பது முக்கியம்.

சீனியர் தம்பி, தங்கைகளுக்கு!

“எங்களையும் இப்படித்தானே செஞ்சாங்க” என்பது நியாயமல்ல. புதுசாக வருகிறவருடன் பழக நல்ல வழி எவ்வளவோ இருக்கிறது. மெஸ்ஸில் பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். பழைய நோட்டைக் கொடுக்கலாம். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று காட்டலாம். ஊரிலிருந்து முதல் தடவையாகப் பெட்டியோடு வந்து முழிக்கிற பிள்ளைக்கு அதுதான் பெரிய வரவேற்பு. கடலை மிட்டாயைப் பிடுங்க வேண்டியதே இல்லை... அதுவே எடுத்து நீட்டும்!